சிறிய விமான சேவைகளின் தரத்தை உறுதி செய்வது யார்?

பலாலி விமான நிலையம் 2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11 ஆம் திகதி சென்னைக்கான வர்த்தக சேவை ஆரம்பமாகியது. கொவிட் பெருந்தொற்றினால் 2020 இல் இடைநின்ற அச்சேவை 2022 டிசெம்பர் 12 ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல் இன்டிகோ நிறுவனமும் இப்பாதையில் இணைந்து கொண்டது. இச்சேவைகளுக்குப் பயன்படுத்தப்பட்டவை ஏறத்தாழ எழுபது பேர் அமரக்கூடிய ஏ.டி.ஆர். 72 ரக விமானங்களாகும். உள்நாட்டிலோ இரத்மலானை, மட்டக்களப்பு, சீகிரியா, சீனன்குடா, கொக்கல போன்ற சிறிய விமானத் தளங்களை இணைக்கக்கூடியவை அவற்றிலும் சிறிய விமானங்களே. இத்தகைய பாதைகளின் எதிர்காலம் இரண்டு, மூன்று விமானங்களையும் சில டசின் ஊழியர்களையும் கொண்ட சிறிய நிறுவனங்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

புதிய சேவையொன்று அறிவிக்கப்படும் போதெல்லாம் எமது மக்கள் கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ பொதி கொண்டு செல்லலாம், வாரத்தில் எத்தனை நாட்கள் என்று விசாரிக்கின்றனர். அவை நியாயமான கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அந்த விமானம் முறையாகப் பராமரிக்கப்படுகின்றது, விமானி முறையாகப் பயிற்றப்பட்டுள்ளார், சுமை முறையாகக் கணக்கிடப்பட்டுள்ளது என்பனவற்றை அந்நிறுவனத்துக்கு உள்ளேயிருந்து உறுதி செய்பவர் யார் என்பதே அக்கேள்வியாகும்.

வடபகுதி மக்களைப் பொறுத்தவரையில் விமானப் பயணம் என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரமாக மட்டும் இருந்ததில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் குடாநாட்டிலிருந்து வெளியேறுவதற்குக் கப்பலும் விமானமுமே எஞ்சியிருந்தன. அதற்கு முன்னரும் அவ்வாறானதொரு காலத்திலேயே, 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் 55 உயிர்களுடன் வீழ்ந்தது. அது ஏவுகணைத் தாக்குதலுக்கு இலக்கான சம்பவம். பராமரிப்புக் குறைபாட்டின் விளைவாக நிகழ்ந்ததன்று. எனவே இவ்விடயத்துடன் அதனை ஒப்பிடுவது பொருத்தமற்றது. எனினும் வேறு வழியின்றி விமானத்தில் ஏறிய பயணிகளின் உயிர் எவ்வளவு எளிதாகப் பிறருடைய தீர்மானங்களில் தங்கியிருந்தது என்பதை எமது சமூகம் மறந்துவிடவில்லை. யுத்தம் முடிவுற்ற பின்னரான காலத்தில் அந்தத் தீர்மானங்கள் பெரும்பாலும் விமானக் கூடாரங்களிலும் அலுவலகங்களிலும் எடுக்கப்படுகின்றன. அவற்றை ஒழுங்குபடுத்துவதற்கான ஏற்பாடே தர உறுதிப்பாட்டு முறைமை எனப்படுவது.

கட்டுப்பாடும் உறுதிப்பாடும்

தரக் கட்டுப்பாடு, தர உறுதிப்பாடு என்னும் இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்படுவதுண்டு. ஆனால் அவை வெவ்வேறானவை. ஒரு தொழில்நுட்பவியலாளர் செய்து முடித்த வேலையை மற்றொருவர் பார்வையிட்டுக் கையொப்பமிடுவது தரக் கட்டுப்பாடு. அவ்வாறு பார்வையிடும் ஏற்பாடு உண்மையிலேயே செயற்படுகின்றதா, பார்வையிடுபவர் அதற்குத் தகுதி பெற்றவரா, வேலையைச் செய்தவரும் பார்வையிட்டவரும் ஒருவரேயா, கைநூலில் எழுதப்பட்டிருப்பது நள்ளிரவில் விமானக் கூடாரத்தில் நடைபெறுவதுடன் பொருந்துகின்றதா என்று ஆராய்வது தர உறுதிப்பாடு. முன்னையது வேலையைப் பார்க்கின்றது. பின்னையது வேலை நடைபெறும் முறையைப் பார்க்கின்றது. முன்னையது இருந்தும் பின்னையது இல்லாதவிடத்து என்ன நேரிடும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த இரு விபத்துகள் தக்க சான்றுகளாகும். இரண்டும் சிறிய பிராந்திய விமான சேவைகளில் நிகழ்ந்தவை என்பதனால் எமக்கு அவை மேலும் பொருத்தமானவை.

1991 செப்டெம்பர் 11 ஆம் திகதி கொன்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்பிரயர் 120 ரக விமானமொன்று டெக்சாஸ் மாநிலத்தில் தரையிறங்குவதற்காக இறங்கிக் கொண்டிருந்த வேளையில் நடுவானில் உடைந்து வீழ்ந்தது. அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர். வாற்பகுதியின் கிடைத்தளத்தில் முன்விளிம்பைப் பொருத்தியிருக்க வேண்டிய மேற்புறத் திருகாணிகள் 47 அவ்விடத்தில் இருக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. முந்திய இரவில் பனி படிவதைத் தடுக்கும் இறப்பர் உறையை மாற்றும் வேலை ஆரம்பிக்கப்பட்டிருந்தது. இடது புறத்துத் திருகாணிகளைக் கழற்றியவர் தரப் பரிசோதகர் ஆவார். வேலைக்கு உதவும் நல்லெண்ணத்துடனேயே அவர் அதனைச் செய்தார். ஆனால் வேலைமுறை மாறியபோது அச்செய்தி அடுத்து வந்தவர்களுக்கு எழுத்தில் முறையாகக் கையளிக்கப்படவில்லை. அவர்கள் வலது புறத்தை மட்டும் முடித்துவிட்டு விமானத்தைச் சேவைக்கு விடுவித்தனர். பரிசோதகர் வேலையாளாக மாறிய அக்கணத்திலேயே அவ்வேலையைப் பார்ப்பதற்கு எவரும் இல்லாமற் போயினர்.

விசாரணைச் சபையின் பெரும்பான்மை உறுப்பினர்கள் பராமரிப்பு ஊழியர்களும் பரிசோதகர்களும் விதிகளைப் பின்பற்றாமையையே பிரதான காரணமாகக் கண்டனர். ஜோன் லோபர் என்ற உறுப்பினர் மாத்திரம் அதற்கு உடன்படவில்லை. விதிகளைப் பின்பற்றும் பழக்கத்தை நிறுவனத்தில் வேரூன்றச் செய்யத் தவறிய முகாமைத்துவமும் காரணத்தின் ஓர் அங்கமே என்று அவர் தனித்து எழுதினார். அன்று சிறுபான்மைக் கருத்தாக இருந்த அது பின்னர் உலக விமானத்துறையின் பொதுக் கருத்தாக மாறியமை கவனிக்கத்தக்கது.

இரண்டாவது சம்பவம் 2003 ஜனவரி 8 ஆம் திகதி வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் இடம்பெற்றது. எயார் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் பீச் 1900 ரக விமானம் புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் மூக்கு மேல்நோக்கி உயர்ந்து, கட்டுப்பாட்டை இழந்து, விமானக் கூடாரமொன்றின் மீது வீழ்ந்தது. 19 பயணிகளும் 2 விமானிகளும் உயிரிழந்தனர். இரு இரவுகளுக்கு முன்னர் ஹன்டிங்டன் நகரப் பராமரிப்பு நிலையத்தில், வாற்பகுதிப் பலகையை ஏற்றி இறக்கும் கம்பியின் இழுவிசை சரிசெய்யப்பட்டிருந்தது. அவ்வேளையில் கம்பி பிழையாக அமைக்கப்பட்டதனால் மூக்கைக் கீழிறக்குவதற்கு விமானிக்கு இருக்க வேண்டிய அசைவெல்லையில் ஏறத்தாழப் பாதியே எஞ்சியிருந்தது. இலேசான சுமையுடன் பறந்தபோது இக்குறை வெளிப்படவில்லை. அன்று காலை பின்புறப் பாரம் அனுமதிக்கப்பட்ட எல்லையைக் கடந்திருந்ததனால் அது உயிர்ப்பலி கொண்டது.

இவ்விபத்தின் பின்னணி சிறிய விமான நிறுவனம் ஒவ்வொன்றும் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடமாகும். எயார் மிட்வெஸ்ட் தனது பராமரிப்பை வேறொரு கொம்பனியிடம் ஒப்படைத்திருந்தது. அக்கொம்பனி தொழில்நுட்பவியலாளர்களை மற்றொரு கொம்பனியிடமிருந்து பெற்றிருந்தது. அந்த வேலையை அந்த ரக விமானத்தில் முன்னர் செய்திராத ஒருவருக்குத் தரப் பரிசோதகரே வேலைத்தளத்தில் கற்றுக் கொடுத்தார். கைநூலில் இருந்த சில படிகள் தேவையற்றவை என விடப்பட்டன. பின்னர் அதே பரிசோதகரே வேலையைப் பரிசோதித்தார். வேலை முடிந்ததும் அசைவெல்லையை அளந்து பார்த்திருந்தால் தவறு அன்றிரவே வெளிப்பட்டிருக்கும். அதுவும் செய்யப்படவில்லை. பயணிகளின் நிறையோ நேரில் எடுக்கப்படாது, அங்கீகரிக்கப்பட்ட பழைய சராசரிக் கணக்கின்படி கொள்ளப்பட்டது. மக்களின் உண்மையான நிறை அச்சராசரியைக் கடந்திருந்தமை பின்னரே கவனத்துக்கு வந்தது.

இங்கு கைநூல் இருந்தது. பரிசோதகர் இருந்தார். கையொப்பம் இருந்தது. அரச அங்கீகாரமும் இருந்தது. ஆனால் ஹன்டிங்டனில் இரவு வேளையில் என்ன நடைபெறுகின்றது என்று சென்று பார்க்கும் கண் விமான நிறுவனத்திடம் இருக்கவில்லை. தனது பெயரில் செய்யப்படும் வேலையை நிறுவனம் மேற்பார்வை செய்யாமையும், கட்டுப்பாட்டாளரின் மேற்பார்வைக் குறைவும் விபத்துக்குத் துணைபுரிந்த காரணங்களாக விசாரணை அறிக்கையில் இடம்பெற்றன. 2005 மே மாதத்தில் நிறுவனம் உயிரிழந்தோரின் குடும்பங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது.

சிறிய நிறுவனத்தின் தனிப் பிரச்சினைகள்

பெரிய விமான நிறுவனத்தில் தர முகாமையாளரின் கீழ் ஒரு தனிப்பிரிவே இயங்கும். சிறிய நிறுவனத்தின் நிலைமை அவ்வாறன்று. தலைமை விமானியே பயிற்சிப் பொறுப்பாளராகவும் இருப்பார். பராமரிப்பு முகாமையாளரே உதிரிப்பாகக் கொள்வனவையும் கவனிப்பார். எல்லோரும் எல்லோரையும் அறிவர். இந்த நெருக்கத்தைக் காட்டி, எமக்குக் கணக்காய்வும் படிவங்களும் எதற்கு என்று கேட்போர் உளர். நெருக்கம் ஒரு பலம் என்பதை நாம் மறுக்கவில்லை. விமானி கூறும் குறையை உரிமையாளர் அன்று மாலையே கேட்டறிய முடியும். ஆனால் அந்த நெருக்கமே நண்பரின் பிழையை எழுத்தில் பதியும் கையைத் தடுக்கவும் கூடும். ஒருவர் விடுமுறையில் சென்றால் அவரது நினைவில் மட்டும் இருந்த தகவலும் அவருடன் சென்றுவிடுகின்றது.

மறுபுறத்தில், பெரிய நிறுவனத்தின் கைநூலைப் பெயரை மட்டும் மாற்றிப் பிரதி செய்து வைத்துக் கொள்வதும் நடைபெறக் கூடியதே. ஐந்நூறு பக்கங்களில் இல்லாத பதவிகளும் இல்லாத குழுக்களும் விபரிக்கப்பட்டிருக்கும். அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு அது உதவும். நாளாந்த வேலைக்கு உதவாது. எழுதப்பட்டதொன்று, செய்யப்படுவது வேறொன்று என்ற நிலை வழமையாகிவிட்டால் எந்த விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும், எதனை விட்டுவிடலாம் என்பதை ஒவ்வோர் ஊழியரும் தாமே தீர்மானிக்கத் தலைப்படுவர்.

ஐரோப்பிய விமானத்துறை இப்பிரச்சினையை உணர்ந்து, முழுநேர ஊழியர் இருபது பேர் என்ற அளவை ஓர் எல்லைக் கோடாகக் கொண்டது. அதற்குட்பட்ட நிறுவனங்களில் எளிமையான ஏற்பாடு போதும். பொறுப்புடைய தலைமை முகாமையாளரும் தர முகாமையாளரும் ஒருவராகவே இருப்பதற்கும் முன்னைய ஐரோப்பிய விதிகள் இடமளித்திருந்தன. ஆனால் அவ்வாறாயின் கணக்காய்வைச் சுயாதீனமான வேறொருவரே செய்ய வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. பதவிகளைக் குறைக்கலாம், தன் வேலையைத் தானே கணக்காய்வு செய்ய மட்டும் இடமில்லை என்பதே அதன் சாரமாகும். சிறிய நிறுவனமொன்றுக்கு முறைமை வகுக்க முற்படும் எவரும் தொடங்க வேண்டிய இடம் இதுவேயாகும்.

எவ்வாறு அமைக்கலாம்?

முதலாவதாக, நிறுவனத்தில் இறுதிப் பொறுப்பை ஏற்பவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அவர் பணத்தைச் செலவிடும் அதிகாரம் கொண்டவராக இருத்தல் அவசியம். உதிரிப்பாகம் வாங்கும் காசோலையில் கையொப்பமிட முடியாத ஒருவரைப் பொறுப்பாளராகப் பெயரிடுவது கண்துடைப்பாகும். தர முகாமையாளர் அவரை இடையில் எவருமின்றி நேரடியாக அணுகக் கூடியவராக இருக்க வேண்டும். பராமரிப்பு முகாமையாளருக்கோ வர்த்தக முகாமையாளருக்கோ கீழ்ப்பட்ட தர அதிகாரி தமது மேலாளரின் குறையை எழுதுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மாறானது.

இரண்டாவதாக, ஆண்டு முழுவதற்குமான கணக்காய்வு அட்டவணை தேவை. பறப்புச் செயற்பாடு, பராமரிப்பு, பயிற்சி, எரிபொருள், சுமைக் கணக்கு, பொதி ஏற்றுதல், ஆவணப் பாதுகாப்பு என ஒவ்வொரு துறையும் ஆண்டில் ஒரு தடவையேனும் பார்க்கப்பட வேண்டும். கணக்காய்வு அலுவலக மேசையில் முடிந்துவிடலாகாது. அதிகாலைப் புறப்பாட்டின்போது ஓடுபாதை அருகிலும், நள்ளிரவுப் பராமரிப்பின்போது விமானக் கூடாரத்திலும் கணக்காய்வாளர் நிற்க வேண்டும். தவறுகள் அலுவலக நேரத்தைப் பார்த்து நிகழ்வதில்லை.

மூன்றாவதாக, கண்டறியப்பட்ட குறையை எவ்வாறு முடித்து வைப்பது என்பதே ஒரு முறைமையின் உரைகல்லாகும். ஓர் உதாரணத்தைக் கூறலாம். திருகாணிகளை உரிய விசையில் இறுக்கும் டோர்க் ரென்ச் ஒன்றின் அளவுத்திருத்தக் காலம் கடந்துவிட்டதாகக் கணக்காய்வாளர் கண்டுபிடிக்கின்றார் என வைத்துக் கொள்வோம். கருவியைத் திருத்தி எடுத்து, குறை நிவர்த்தி செய்யப்பட்டது என்று எழுதி முடிப்பது எளிது. ஆனால் காலம் கடந்த பின்னர் அக்கருவி எந்த விமானங்களில் எந்த வேலைக்குப் பயன்படுத்தப்பட்டது, அவ்வேலைகள் மீண்டும் பார்க்கப்பட வேண்டுமா, காலக்கெடுவைக் கண்காணிக்க வேண்டியவர் யார், அவர் ஏன் கவனிக்கவில்லை, இதே நிலையில் வேறு கருவிகள் உள்ளனவா என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும் வரையில் அக்குறை முடிந்ததாகக் கொள்ள முடியாது. முதல் வகையான பதில் ஒரு கருவியைத் திருத்துகின்றது. இரண்டாவது வகையான பதில் நிறுவனத்தைத் திருத்துகின்றது. பாதுகாப்பை உடனடியாகப் பாதிக்கும் குறை காணப்படின், அது சரிசெய்யப்படும் வரை விமானத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் எழுத்தில் வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவதாக, வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. சிறிய நிறுவனங்கள் பாரிய பராமரிப்பை வெளிநாட்டு நிலையங்களிலும், தரைச் சேவையை வேறு நிறுவனங்களிடமும் ஒப்படைப்பது தவிர்க்க முடியாதது. அந்நிலையங்கள் அரச அங்கீகாரம் பெற்றவை என்பது மட்டும் போதாது என்பதை ஹன்டிங்டன் நிலையத்தின் கதை உணர்த்துகின்றது. ஒப்பந்தத்தில் கணக்காய்வு உரிமை இடம்பெற வேண்டும். அந்த உரிமை பயன்படுத்தப்படவும் வேண்டும்.

ஐந்தாவதாக, பறப்புக் கட்டுப்பாட்டுடன் தொடர்புடைய வேலைகளை இருவர் தனித்தனியாகப் பார்வையிட வேண்டும். கற்பித்தவரோ கைகொடுத்தவரோ பரிசோதகராகக் கையொப்பமிடலாகாது. இரவு வேலையில் இரண்டாமவர் இல்லையெனில் விமானம் காலையில் தாமதமாகப் புறப்படட்டும்.

ஆறாவதாக, ஊழியர்கள் தமது தவறையும் தாம் கண்ட தவறையும் அச்சமின்றி அறிவிக்கும் சூழல் வேண்டும். நேர்மையான தவறுக்குத் தண்டனை இல்லை, வேண்டுமென்றே செய்த மீறலுக்கும் மறைப்புக்கும் மன்னிப்பு இல்லை என்ற வேறுபாடு எழுத்தில் இருக்க வேண்டும். இங்கு மொழி பற்றிய விடயமொன்றையும் சுட்டிக்காட்டுவது எமது கடமையாகும். விமானத்துறையின் கைநூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. விமானிக்கும் பொறியியலாளருக்கும் அது தடையாக இராது. ஆனால் பொதிகளை ஏற்றுபவரும், எரிபொருள் வாகனச் சாரதியும், துப்புரவுப் பணியாளரும் தமிழையோ சிங்களத்தையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். சரக்கறைக் கதவில் ஒரு கீறலை முதலில் காணக் கூடியவர் அவரே. அவருக்கான அறிவுறுத்தலும் முறைப்பாட்டுப் படிவமும் அவரது மொழியில் இல்லையெனில், அக்கீறல் எவருக்கும் தெரியவராமலே விமானம் புறப்பட்டுவிடும்.

இவற்றுடன் பாதுகாப்பு முகாமைத்துவம் என்ற ஏற்பாட்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013 நவம்பர் 14 முதல் இதற்கெனத் தனியாக 19 ஆவது இணைப்பை நடைமுறைப்படுத்தியது. எழுதப்பட்டபடி செய்யப்படுகின்றதா என்று தர உறுதிப்பாடு கேட்கின்றது. எழுதப்பட்டிருப்பது ஆபத்தைத் தடுக்கப் போதுமானதா என்று பாதுகாப்பு முகாமைத்துவம் கேட்கின்றது. நேபாளத்தில் 2023 ஜனவரி 15 ஆம் திகதி பொக்காராவில் இடம்பெற்ற யெட்டி எயார்லைன்ஸ் விபத்து இவ்விரு கேள்விகளின் தேவையையும் ஒருங்கே காட்டியது. அதில் 72 பேர் உயிரிழந்தனர். தரையிறங்குவதற்கு முன்னர் இறக்கை மடிப்புகளுக்கான நெம்புகோலுக்குப் பதிலாகச் சுழல்விசிறிகளின் உந்துவிசையை இல்லாமற் செய்யும் நெம்புகோல்கள் தவறுதலாக இழுக்கப்பட்டன. புதிய விமான நிலையத்தினால் ஏற்பட்ட மேலதிக வேலைப்பளு, பயிற்சிக் குறைவு, நிர்ணயிக்கப்பட்ட நடைமுறைகளைப் பின்பற்றாமை ஆகியன அதற்குத் துணைபோயின என விசாரணை அறிக்கை கூறியது. அவ்விமானமும் ஏ.டி.ஆர். 72 ரகத்தைச் சேர்ந்ததே. இயந்திரத்தைக் குறைகூறி விலகிச் செல்ல முடியாத நிகழ்வு அது. புதிய ஓடுபாதைக்குச் சேவை தொடங்கும் ஒவ்வொரு நிறுவனமும், அந்த ஓடுபாதையில் எமது விமானிக்கு என்ன புதிய சுமை ஏற்படும் என்று முன்கூட்டியே ஆராய்ந்திருக்க வேண்டும்.

செலவும் மேற்பார்வையும்

இவையனைத்துக்கும் பணம் எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டொலர் பற்றாக்குறையும் விமான எரிபொருள் பற்றாக்குறையும் நாட்டை வாட்டின. கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட விமானங்கள் எரிபொருள் நிரப்புவதற்காகத் தென்னிந்திய விமான நிலையங்களில் இறங்கிச் செல்ல நேர்ந்தது. அத்தகைய காலங்களில் முதலில் வெட்டப்படுவது வருமானம் ஈட்டாததாகத் தோன்றும் பிரிவாகும். தர உறுதிப்பாட்டுப் பிரிவு பயணச்சீட்டு விற்பதில்லை. அதன் வெற்றி நிகழாமற் போன சம்பவங்களில் மறைந்திருப்பதால் கணக்கேட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் இரண்டு விமானங்களை மட்டும் கொண்ட நிறுவனத்தில் ஒன்று திடீரென நிறுத்தப்பட்டால் சேவையின் பாதி நின்றுவிடும். தவறைத் தொடக்கத்திலேயே கண்டறிவதன் இலாபம் பெரிய நிறுவனத்தை விடச் சிறிய நிறுவனத்துக்கே அதிகம் என்பதை உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்க வழிகளும் உண்டு. சிறிய நிறுவனங்கள் தமக்குள் உடன்பட்டுப் பயிற்றப்பட்ட கணக்காய்வாளர்களைப் பரிமாறிக் கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் பொறியியலாளர் மற்றொன்றின் கூடாரத்தை ஆண்டுக்கு இரு தடவைகள் பார்வையிடுவதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. வர்த்தகப் போட்டியாளர்கள் பாதுகாப்பில் ஒத்துழைப்பது விமானத்துறைக்குப் புதியதுமன்று. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா 2003 இல் ஆரம்பித்த பாதுகாப்புக் கணக்காய்வுத் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று, ஒரே நிறுவனத்தைப் பலர் தனித்தனியே கணக்காய்வு செய்யும் வீண்செலவைத் தவிர்ப்பதாகும். இத்தகைய பொதுப் பட்டியல் ஒன்றை உருவாக்குவதற்கு எமது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை முன்நின்று உதவலாம்.

அதிகார சபையின் பங்கும் இங்கு முக்கியமானது. 2002 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட அச்சபை, 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாட்டாளராகச் செயற்படுகின்றது. விமான நிலையங்களை நடத்துவது வேறொரு நிறுவனத்தின் பொறுப்பாகும். நேபாளத்தில் ஒரே அதிகார சபை இரண்டையும் செய்து வந்தமை நீண்டகாலக் கண்டனத்துக்கு உள்ளாகியது. அந்நாட்டின் விமான நிறுவனங்கள் அனைத்தும் 2013 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, பத்தாண்டுகளுக்கு மேலாக அதில் நீடித்தன. ஒரு நாட்டின் கட்டுப்பாட்டாளர் மீது நம்பிக்கை குன்றினால் அந்நாட்டின் நல்ல நிறுவனமும் தண்டிக்கப்படுகின்றது என்பதே இதன் பொருள். எமது நாட்டில் இவ்விரு பணிகளும் பிரிந்திருப்பது ஓர் அனுகூலமாகும். அதனைப் பாதுகாக்க வேண்டுமாயின் பரிசோதகர்களுக்குத் தகுந்த ஊதியமும், அரசியல் தலையீடற்ற சூழலும் வழங்கப்பட வேண்டும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு, அதற்குள் அனுமதிப்பத்திரத்தைக் கேட்கும் பழக்கம் கைவிடப்பட வேண்டும்.

மேற்பார்வை என்பது விண்ணப்பதாரரின் கைநூலை வாசித்து அங்கீகரிப்பதுடன் முடிந்துவிடக் கூடாது. புதிய நிறுவனமொன்றின் முதலாவது ஆண்டில் அதன் சொந்தக் கணக்காய்வு அறிக்கைகளை அதிகார சபை கேட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரு குறையேனும் பதியப்படாத அறிக்கை பாராட்டுக்குரியதன்று. அங்கு எவரும் பார்க்கவில்லை என்பதற்கான அறிகுறியாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

பயணிகளுக்கும் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. பேருந்தின் ரயர் தேய்ந்திருப்பதைப் பயணி தன் கண்ணால் காண முடியும். விமானத்தின் வாற்கம்பி எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதை அவரால் காண இயலாது. ஆகவே எந்தெந்த நிறுவனங்கள் செல்லுபடியாகும் சான்றிதழ் கொண்டுள்ளன, எந்தப் பராமரிப்பு நிலையங்களுடன் அவை ஒப்பந்தம் செய்துள்ளன, பாரதூரமான சம்பவங்கள் மீதான விசாரணைகள் என்ன கூறின என்ற விபரங்களை மும்மொழிகளிலும் எவரும் எளிதில் பெறக்கூடியவாறு வெளியிடுவது அதிகார சபையின் கடப்பாடாதல் வேண்டும்.

வடக்குக்கும் கிழக்குக்கும் விமான சேவைகள் பெருக வேண்டும் என்பதில் எமக்கு இரு கருத்துகள் இல்லை. மருத்துவத்துக்காகச் சென்னை செல்லும் நோயாளருக்கும், ஆண்டுகள் பல கடந்து உறவினரைக் காண வரும் புலம்பெயர்ந்தோருக்கும், ஏற்றுமதிக்குச் சந்தை தேடும் உற்பத்தியாளருக்கும் அவை பயனளிக்கும். சிறிய நிறுவனங்கள் இத்துறையில் நுழைவதை ஊக்குவிக்கவே நாமும் விரும்புகின்றோம். எனினும் முதலாவது விமானம் புறப்படுவதற்கு முன்னர், தர முகாமையாளர் யார், அவர் யாருக்குப் பொறுப்புக் கூறுகின்றார், அவரது வேலையைக் கணக்காய்வு செய்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடையளிக்காத நிறுவனத்துக்குச் சான்றிதழ் வழங்கப்படலாகாது. இம்மூன்றுக்கும் விடை காண்பதற்குப் பெரும் மூலதனம் தேவையில்லை. இதனை அதிகார சபையும், முதலீடு செய்ய முன்வருவோரும், இப்பகுதிகளைப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்துவோரும் இப்போதே கவனத்தில் எடுப்பார்கள் என நாம் எதிர்பார்க்கின்றோம்.